நல்ல கீரை வராதே

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு தந்தியைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். காகிதம் பழுத்து, மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்துவிட்டது. இருப்பது ஒரே வரி. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ‘நல்ல கீரை வராதே’ என்றுதான் எல்லோருக்கும் படிக்க வரும். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் மெடலை மாட்டுவார்கள், படத்தை மாட்டுவார்கள். இவன் என்ன கீரையை மாட்டி வைத்திருக்கிறான் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. நான் அதிகம் பேசாதவன். யாராவது கேட்டாலும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

சென்ற மாதம் என் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஜனம்தான், ஆனால் இரண்டு தலைமுறையாகக் கடலை விட்டு விலகி, பட்டணத்தின் தெற்குப் பக்கம் குடியேறிப் படித்தவர்கள். பையனின் தகப்பனார் தமிழ் வாத்தியார். செய்தி வந்ததும் என் மனைவி சுவரைப் பார்த்தாள். “அத்த மட்டும் கொஞ்சம் கயட்டி வச்சிடலாம்யா. வாத்தியாரு வூடு. படிச்சிப் பாத்து சிரிக்கப் போறாங்க” என்றாள். “அது கெடக்கட்டும்” என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். அந்தத் தந்தி என் அம்மா கொடுத்தது. அது வராமல் போயிருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிட்டால் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

காசிமேட்டுக்கு வடக்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. நைனா, அதாவது என் அப்பா, மரம் வைத்திருந்தார். மரம் என்றால் எங்களுக்குக் கட்டுமரம்தான். நைனாவும் அம்மாவின் அண்ணனான என் மாமாவும் சேர்ந்து கடலுக்குப் போவார்கள். கொண்டுவந்த மீனைக் கூடையில் சுமந்து திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பது அம்மாவின் வேலை. ஆண்கள் பிடிப்பதோடு சரி. கூடையைத் தொட மாட்டார்கள். துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டி அணை போட்டதிலிருந்து கடல் எங்கள் பக்கத்துக் கரையைத் தின்றுகொண்டே வந்தது. நான் பிறந்து பட்டாளத்தில் சேருவதற்குள் எங்கள் குடிசையை மூன்று முறை பின்னால் தள்ளிக் கட்டினோம். ஒவ்வொரு முறையும் அம்மா கடலைப் பார்த்து, சண்டைக்காரியைத் திட்டுவது போலத் திட்டுவாள். ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டிருந்த நான், பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் சொன்னேன். மாமா சிரித்தார். “கடல்ல பொழைக்கிறவனுக்கு துப்பாக்கி எதுக்குடா? சுறாவ சுடப் போறியா?” என்றார். அம்மாதான், “இந்தக் கடலு மூணு வாட்டி எங்க வூட்ட துன்னுட்ச்சி. இவனையும் அது வாயில குடுக்கணுமா? நீ போ நைனா” என்றாள். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் நைனா என்றுதான் கொஞ்சுவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, பாராசூட் படைக்கு ஆள் கேட்டார்கள். விருப்பப்பட்டு வருகிறவர்களைத்தான் சேர்ப்பார்கள், அவர்களிலும் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்டதும் எனக்கு ஏனோ ரோஷம் வந்தது. பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு எழுதினேன். எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. குப்பத்துப் பெட்டிக்கடைக்காரர்தான் கடிதத்தைப் படித்துச் சொல்வார். நைனா அதைக் கேட்டுவிட்டு மரத்தின் பாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். “காத்து புடிச்சா அது பாயி. காத்து வுட்டா வெறுந்துணி. அத்த நம்பியா ஆகாசத்துலேந்து குதிக்கிறான்? கடல்ல கவுந்தா நீஞ்சலாம். மேல கவுந்தா இன்னாத்த புடிச்சிக்கினு நீஞ்சுவான்?” என்று கேட்டாராம். அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு ஒரே கணக்குத்தான்: ஆகாசத்தைக் கடலால் எட்ட முடியாது. பயிற்சி நடக்கும் ஊர் ஆக்ரா என்றதும் மட்டும், “பொண்டாட்டிக்கு சமாதி கட்ன ஊராமே? வேற ஊரு கெடைக்கலியா அவுங்களுக்கு?” என்று கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டாளாம்.

அங்கே பட்ட பாட்டைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் மூட்டையோடு ஓடுவது, கயிற்றில் ஏறுவது, கோபுரத்திலிருந்து குதிப்பது. கடல் மணலில் மரம் தள்ளி வளர்ந்த கால். ஓட்டம் எனக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருந்தது என் வாய்தான். எங்கள் அணியில் தெற்கத்தி ஹவில்தார் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் கிண்டல்காரர். முதல் நாள் வரிசையில் நிற்கும்போது “எப்படிடா இருக்க?” என்று கேட்டார். “நல்லாக்கீறேன் சார்” என்றேன். “கீறுறியா? நீ என்ன பூனையா?” என்றார். தமிழ் தெரிந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் பூனை. நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். தனியாக இருக்கும்போது ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகினேன். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில்கூட ‘நான் இங்கு நலமாக இருக்கிறேன்’ என்று எழுத ஆரம்பித்தேன். கடைக்காரர் படித்ததைக் கேட்டு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். “இது எம்புள்ள பேசற மாதிரியே இல்லியே. எவனோ எயுதிக் குடுத்துக்கீறான். புள்ளைக்கு இன்னா ஆச்சோ” என்று அழுதாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

விமானத்திலிருந்து ஐந்து முறை குதிக்க வேண்டும். ஐந்தும் முடித்தால்தான் மார்பில் இறக்கைச் சின்னம் குத்துவார்கள். எனக்கு மூன்று முடிந்திருந்தது. மூன்றாவதில், எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரன் தரையில் தப்பாக இறங்கி இரண்டு காலையும் ஒடித்துக்கொண்டான். அவன் கத்தியதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் விமானத்தின் கதவு கண்ணில் தெரிந்தது. அதை அப்படியே வீட்டுக்கு எழுதினேன். பயமாக இருக்கிறது என்று எழுதவில்லை. அவன் கால் ஒடிந்ததை மட்டும்தான் எழுதினேன். ஆனால் பெற்றவர்களுக்கு அது போதாதா?

நான்காவது குதிப்புக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு ஒரு தந்தி வந்தது. ‘தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படவும்’ என்று ஆங்கிலத்தில், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல். பட்டாளத்தில் இந்த மாதிரித் தந்தி புதிதல்ல. அறுப்புக் காலம் வந்தால் வடக்கே அத்தனை தாயார்களும் ஒரே வாரத்தில் கவலைக்கிடமாகிவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் அதிகாரி என்னிடம் சிரிக்கவில்லை. “லீவு தருகிறேன். நாளை மாலை ரயிலுக்குப் போ. ஆனால் இந்த அணி உனக்காக நிற்காது. போனால் உன் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். மறுபடி கூப்பிட மாட்டார்கள். தெரிந்துகொள்” என்றார்.

இந்த இடத்தை எழுதத்தான் இத்தனை வருஷம் தயங்கினேன். அம்மாவுக்கு ஆபத்து என்று படித்தவுடன் என் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் அல்ல, ஆறுதல். இனி அந்தக் கதவில் நிற்க வேண்டியதில்லை. யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது. பெற்ற தாய்க்காகப் போனான் என்பார்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் இல்லை, அந்த ஆறுதல். அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து அழுதேன். ஆனால் முதலில் வந்தது எது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் நான் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஹவில்தார் வந்து நின்றார். கையில் இன்னொரு தந்தி. “டேய் பூனை, உங்க வீட்டுல கீரைக்கடை வச்சிருக்காங்களா?” என்றார். எனக்குப் புரியவில்லை. “ஆபீஸ்ல எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிறாங்க. சங்கேதமா இருக்குமோன்னு அதிகாரி கேக்குறாரு. நான் தமிழ்னு சொன்னேன். சரி, படின்னாரு. படிச்சேன். நல்ல கீரை, வராதே. கீரை ஏன்டா வராது?” என்றார். என்னை அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வரும் வழியில், ‘வராதே’க்கு முன்னால் இருந்த சொல்லின் கடைசி எழுத்து ஒன்று உதிர்ந்து போயிருந்தது. எனக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை. கண் படித்தது, காதில் அம்மாவின் குரல் கேட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி பேசும் குரல். நல்லாக்கீறேன். வராதே.

அதிகாரி இரண்டு தந்தியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றார். எந்தச் சொல்லை நான் நாக்கிலிருந்து துரத்திக்கொண்டிருந்தேனோ அதை ஹவில்தாருக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. “கீரை இல்ல சார். கீறேன். நல்லாக்கீறேன்னு எங்கம்மா சொல்றாங்க. வராதேன்னு சொல்றாங்க” என்றேன். ஹவில்தார் அதை இந்தியில் சொன்னார்; அப்போது அவர் சிரிக்கவில்லை. “இரண்டில் எது நிஜம்?” என்றார் அதிகாரி. இரண்டாவதைக் காட்டி, இதுதான் என்றேன். எப்படித் தெரியும் என்றார். “அத்த யாரு வேணும்னாலும் குடுக்கலாம் சார். இத்த எங்கம்மாதான் குடுக்க முடியும்” என்றேன். ‘அதை, இதை’ என்று சொல்ல மறந்துபோனேன். அதிகாரி அந்தத் தந்தியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே வா என்று கூப்பிடும் தந்திகளை வருஷக்கணக்காகப் பார்த்திருப்பதாகவும், வராதே என்று சொல்லும் தாயாரை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். “லீவு கொடுத்தது கொடுத்ததுதான். போவதா இருப்பதா, நீயே முடிவு செய்” என்றார். நான் திரும்பிப் போய்ச் சுருட்டிய படுக்கையை அவிழ்த்தேன். பயம் எங்கேயும் போய்விடவில்லை. ஒளிந்துகொள்ள இடம்தான் இல்லாமல் போனது.

நான்காவது குதிப்பு எப்படிப் போனது என்றே தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் கண் திறந்திருந்தது. கதவருகே நின்ற பயிற்சியாளர் ஒவ்வொருவர் தோளிலும் தட்டி, சரிதானா என்று கத்திக் கேட்பார். பதிலுக்குக் கத்த வேண்டும். என் முறை வந்தபோது, “நல்லாக்கீறேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். விமானச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, தலையை ஆட்டினார். குதித்தேன். பாய் காற்றைப் பிடித்தது. தரையில் உருண்டு எழுந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் குதித்த ஹவில்தார் நொண்டிக்கொண்டே வந்தார். “பூனை நாலு காலையும் ஊனித்தான் விழுந்திருக்கு” என்றார். அன்று அந்தப் பெயர் எனக்குக் கசக்கவில்லை.

இறக்கையைக் குத்திக்கொண்டு லீவில் வீட்டுக்கு வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. முதல் தந்தி மாமாவின் யோசனை. என் கடிதத்தில் கால் ஒடிந்த கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளையை உயிரோடு பார்க்க வேண்டுமானால் இதுதான் வழி என்று நைனாவைக் கூட்டிக்கொண்டு போய், யாரிடமோ ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார். நைனாவுக்குப் பொய் தங்காது. மறுநாள் காலையில் அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், “இந்தாமே, நீ சாவக் கெடக்கறேன்னு தந்தி அட்ச்சிட்டோம்” என்று சொல்லியிருக்கிறார். அம்மா கூடையை இறக்கவில்லையாம். “நானா? தலையில கூடையோட நிக்கறவளா சாவக் கெடக்கறா? யோவ், அவன் அங்க இன்னா பாடுபட்டுக்கினு கீறானோ, கடைசி படியில கால வாரி வுடறியே. நட தந்தியாபீஸுக்கு” என்றாளாம். “அவனுக்கு எதுனா ஆயிட்ச்சின்னா?” என்று நைனா கேட்டிருக்கிறார். “நீ தெனம் கடலுக்குப் போற. எதுனா ஆயிடும்னு நான் என்னிக்குனா உன் மரத்த கட்டிப்போட்டனா?” என்று அம்மா கேட்டாளாம். நைனா பின்னால் நடந்தாராம்.

தந்தியாபீஸில் மீன் கூடையோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கூடையை வாசல்படியில் வைத்து, நைனாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்லவராகத்தான் இருந்திருக்கிறார். “தாயார் சௌக்கியம், வர வேண்டாம்னு இங்கிலீஷ்ல அழகா போட்டுத் தரேன்மா” என்றாராம்.

“அது வாணாம் சாமி. அத்த எவன் வேணா போடுவான். நான் சொல்றத போடு. நல்லாக்கீறேன், வராதே.”

“தமிழ்ல வேணும்னா, நல்லா இருக்கேன்னு போடறேன்.”

“இருக்கேன்னா வேற எவளோன்னு நெனச்சிப்பான். கீறேன்னு போடு.”

“கீறேன்னு ஒரு வார்த்தையே கிடையாதும்மா.”

“வார்த்தை கெடையாதா? உன் எதிர்ல நிக்கறனே, நான் கீறனா இல்லியா, சொல்லு!”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். குமாஸ்தா அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினாராம். அம்மா வெற்றியோடு வெளியே வந்து பார்த்தால் கூடை காலி. படியில் உட்கார்ந்திருந்த நைனாவிடம் வந்தவர்கள் விலை கேட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் மீனுக்கு விலை சொல்லாத மனிதர், என்ன சொல்வதென்று தெரியாமல், “எம்புள்ள பட்டாளத்துல கீறான், எடுத்துக்கினு போங்க” என்று எல்லாவற்றையும் சும்மா கொடுத்துவிட்டார். இதை அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினாள். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காலிக்கூடையை நைனாதான் தலையில் வைத்துக்கொண்டு வந்தாராம். குப்பத்தில் எல்லோரும் பார்க்க, கூடை சுமந்து வந்த முதல் ஆம்பிளை. மாமா பார்த்துவிட்டு, “இன்னா மாமு, யாவாரம் நல்லா ஆச்சா?” என்று கேட்டதற்கு, “ஆச்சி, ஆச்சி. ஒண்ணியும் மிச்சமில்ல” என்று சொல்லிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாராம்.

நைனா முதலில் போனார். அம்மா பிறகு பல வருஷம் இருந்தாள். நான் பட்டாளத்தை விட்டு வந்து எண்ணூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலையில் சேர்ந்த பிறகு, அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. “எப்படிம்மா கீறே?” என்றேன். கண்ணைத் திறக்காமல், “நல்லாக்கீறேன். சாய்ங்காலம் வராதே, வூட்டுக்குப் போயி புள்ளைய பாரு” என்றாள். நான் நம்பினேன். அந்தச் சொல்லை நம்பிப் பழகியவன் நான். வேலை முடிந்து வருவதற்குள் அவள் போய்விட்டாள். என் அம்மா எனக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் அவள் பாஷையில்தான் சொன்னாள்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. வாசலில் அவர்கள் வந்து நிற்கும்போதுகூட என் மனைவியின் கண் சுவரின் மேலேயே இருந்தது. மகள் உள்ளேயிருந்து, “நைனா, அத்த எடுத்தா நான் வெளிய வரவே மாட்டேன், பாத்துக்கோ” என்று மெல்லச் சொன்னாள். வாத்தியார் உட்கார்ந்தார்; கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்; தந்தியைப் படித்தார். “நல்ல கீரை... வராதே? இது என்னங்க, ஏதாவது வேடிக்கையா?” என்றார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே போய்விடலாம் என்று கால் எழுந்தது. போகவில்லை. “எங்கம்மா குடுத்த தந்திங்க. அது கீரை இல்லீங்க, கீறேன். ஒரு எழுத்து வயில உயுந்துட்ச்சி” என்றேன். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பேச்சை மாற்றுவதற்காக, “சரி, சரி. நீங்க எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டார். கண்ணை மூடாமல் குதித்தேன். “நல்லாக்கீறேங்க” என்றேன்.

காபி குடித்தார்கள், கலந்துபேசிச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். தந்தி அதே சுவரில்தான் கீது.